மேசைக் கண்ணாடிக்குக் கீழே

கண்டி நகரிலும் பேராதனை, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, திகன, கம்பளை, தெல்தோட்டைப் பக்கங்களிலும் கடை, காரியாலயம், ஓட்டோ, விடுதி, வழிகாட்டி வேலை, காப்புறுதி முகவர் வேலை என்று தமிழில் தொழில் பேசும் அனைவருக்கும்,



டி.எஸ். சேனாநாயக்க வீதியில் பழைய கடையொன்றுக்குள் போய் முதலாளியின் மேசைக்கு முன்னால் நின்றால், மேசைக் கண்ணாடிக்குக் கீழே ஓர் ஊரே படுத்திருப்பது தெரியும். லொறிக்காரர், பிளம்பர், கொழும்பு மொத்த வியாபாரி, கல்யாண மண்டபம், பல் வைத்தியர், எப்போதோ வந்து போன ஒரு வங்கி முகாமையாளர். சில அட்டைகள் தேநீர் பட்டு மஞ்சளாகியிருக்கும். சிலவற்றில் உள்ளவர் தொழிலை விட்டே போயிருப்பார். ஆனாலும் யாரும் அவற்றை எடுத்து எறிவதில்லை. கண்ணாடியைத் தூக்குவது பெரிய வேலை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்த அட்டைகள்தாம் முதலாளியின் ஆள் பலம்.

அந்தக் கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்னச் சரித்திரமும் கிடக்கிறது. தேடிப் பார்த்தால் 08 என்று தொடங்கும் ஆறிலக்கத் தொலைபேசி எண் கொண்ட அட்டை ஒன்றிரண்டு அகப்படும். கண்டியின் குறியீடு அப்போது 08. இலங்கையின் தொலைபேசி எண்கள் 2003இல் பத்து இலக்கமாக்கப்பட்டபோது அது 081 ஆனது. உள்ளூர் எண்களும் ஏழிலக்கமாயின. அன்று அச்சடித்து வைத்திருந்த அட்டைக் கட்டுகள் எல்லாம் ஒரே இரவில் பழசாகிப் போயின. பேனையால் வெட்டித் திருத்திக் கொடுத்தவர்களும் உண்டு, புதிதாக அடித்தவர்களும் உண்டு.

தாளில் அச்சான அட்டையின் குறை அதுதான்: கைமாறிய பிறகு அதைத் திருத்த முடியாது. இப்போது தொழில் வட்டங்களில் கைமாறத் தொடங்கியிருக்கும் தொடுகையில்லா டிஜிட்டல் அட்டை தீர்க்க வருவது அந்தக் குறையைத்தான். ஆனால் அது இன்னொரு கேள்வியைக் கொண்டுவருகிறது. அட்டை யாருடையது என்பதில் சந்தேகமில்லை, காசு கொடுத்தவருடையது. அந்த அட்டை காட்டும் முகவரி யாருடையது? இந்த மடல் எழுதப்படுவதே அதைக் கேட்பதற்காகத்தான்.

முதலில் அந்தப் பண்டம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். பார்வைக்கு வங்கி அட்டை போலவே இருக்கும். அளவும் அதேதான், 85.6 மில்லிமீற்றருக்கு 54. உள்ளே கம்பிச் சுருள் ஒன்றும் மிளகளவுகூட இல்லாத சில்லு ஒன்றும். பற்றரி கிடையாது. கைபேசியைச் சில சென்ரிமீற்றர் நெருக்கத்துக்குக் கொண்டுபோனால், கைபேசி வெளிவிடும் 13.56 மெகாஹேர்ட்ஸ் அலையிலிருந்தே சில்லு தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, தன்னிடமுள்ள நாலு வரியைச் சொல்லிவிட்டு உறங்கிவிடும். நோக்கியா, பிலிப்ஸ், சோனி மூன்றும் 2004இல் கூடி இதற்கென ஓர் அமைப்பைத் தொடங்கின, என்.எஃப்.சி. என்ற பெயர் அப்படித்தான் ஊன்றியது. ஐபோன்களில் 2018இல் வந்தவை முதற்கொண்டு, தனிச் செயலி எதுவும் இல்லாமலே இந்த அட்டையைப் படிக்கின்றன. அன்ட்ரொய்ட் போன்களில் விலை குறைந்த பலவற்றில் இந்த வசதியே இல்லை. அதனால்தான் விவரமறிந்தவர்கள் அட்டையின் பின்புறத்தில் ஒரு கியூ.ஆர். கட்டத்தையும் அச்சிட்டுக்கொள்கிறார்கள்.

கியூ.ஆர். என்றால் என்னவென்று கண்டியில் எவருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் 1994இல் வாகன உதிரிப்பாகங்களைக் கணக்கெடுக்க உருவாக்கிய அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம், இலங்கைக்குப் பழக்கமானது 2022 ஜூலையில், எரிபொருள் வரிசையில். கிழமைக்கு முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்ற பங்கீட்டைக் கைபேசியிலோ லெமினேட் பண்ணிய தாளிலோ காட்டித்தான் பெற்றோம். மத்திய வங்கி 2018இலேயே லங்கா கியூ.ஆர். என்ற பணக் கொடுப்பனவுத் தரத்தை வகுத்திருந்தது. ஆனால் பாட்டியும் பேரனும் ஒருங்கே கியூ.ஆர். கற்றது பெற்றோல் செட்டில்தான். பஞ்சம் நடத்திய வகுப்பு!

அதே 2022 வேறொன்றையும் காட்டியது. டொலர் இல்லாமல் தாள் இறக்குமதி நின்றபோது, அந்த மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது. சில பத்திரிகைகள் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தின. பரீட்சைக்கே தாள் இல்லாத நாட்டில் விசிட்டிங் கார்டுக்கு ஆர்ட் போர்ட் கேட்டு நின்றவர்களுக்கு அச்சகத்தில் என்ன பதில் கிடைத்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனித்தான் விஷயம் சூடுபிடிக்கிறது. சில்லுக்குள் எவ்வளவு எழுதலாம் என்பது ஆங்கிலத்தில் அட்டை செய்பவர்களுக்கு வராத பிரச்சினை. தமிழிலும் சிங்களத்திலும் செய்பவர்களுக்கே வரும்.

இந்த அட்டைகளில் பரவலாக இருப்பது நெதர்லாந்தின் என்.எக்ஸ்.பி. நிறுவனம் செய்யும் சில்லு. அதன் சிறிய வகையில் நாம் எழுதக்கூடிய இடம் 144 பைட். அடுத்த வகைகளில் 504, 888. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழிலோ யூனிகோடில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும். அதிலும் புள்ளி தனிக் குறி, கொம்பும் காலும் தனிக் குறி. ‘கண்டி’ என்ற சொல்லைக் கணினி க, ண, புள்ளி, ட, இகர விசிறி என்று ஐந்து குறியாக எண்ணும். ஆக 15 பைட். ஆங்கிலத்தில் எழுதினால் 5. சிங்களத்தில் ‘மஹநுவர’ 18. மும்மொழியிலும் ஊர்ப் பெயரை மட்டும் போட்டாலே 38 பைட் தீர்ந்துவிடும். நாவலப்பிட்டிக்காரர் பாடு இன்னும் மோசம்: தமிழில் மட்டும் 36.

தொடர்பு விவரத்தை முழுதாகச் சில்லுக்குள் எழுதும் முறை ஒன்று இருக்கிறது. வீகார்ட் என்பார்கள்; 1990களின் நடுவில் அப்பிள், ஏ.டி. அன்ட் டி., ஐ.பி.எம்., சீமன்ஸ் ஆகியவை சேர்ந்து வகுத்தது, இன்றும் எல்லாக் கைபேசிக்கும் புரியும் வடிவம். ‘தொடக்கம்’, ‘பதிப்பு’, ‘முடிவு’ என்ற அதன் சடங்கு வரிகளே 31 பைட் தின்னும். எஞ்சியதில் தமிழில் பெயர், கடைப்பெயர், வீதி, ஊர் என்று போடப்போனால் 144 எந்த மூலைக்கு? கியூ.ஆர். கட்டத்திலும் கதை இதுதான். ஜப்பானியக் காஞ்சி எழுத்துகளுக்கு அதைச் செய்தவர்கள் தனிச் சிக்கன வழியொன்று வைத்தார்கள். தமிழுக்கு அப்படியொன்று இல்லை. விவரம் கூடக் கூடக் கட்டம் நெருங்கும். 21 வரியில் முடிய வேண்டியது ஐம்பது அறுபது வரிக்குப் போகும். கீறல் விழுந்த பழைய கைபேசிக் கமராவில், மழைக்கால இருட்டில், பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு அதைப் படிப்பது கண்டம்.

இதற்கு விற்பனைக்காரர்கள் இரண்டு வழி சொல்வார்கள். பெயரை ஆங்கிலத்தில் மட்டும் போடுங்கள் என்பது ஒன்று. அது வேண்டாம். சித்திலெப்பை கண்டியிலிருந்து ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியது 1882இல். அந்தக் காலத்திலேயே தமிழில் அச்சுக் கோத்து ஊர் ஊராக அனுப்பிய நகரத்தில், இன்று சில்லுக்கு இடமில்லை என்று தமிழைக் கைவிடுவது வேடிக்கை. இரண்டாவது வழி, விவரத்தைச் சில்லுக்குள் எழுதாமல் ஓர் இணைய முகவரியை மட்டும் எழுதுவது. கைபேசி தொட்டதும் அந்தப் பக்கம் திறக்கும். அங்கே மும்மொழியிலும் பெயர், படம், வரைபடம், வட்ஸ்அப், விலைப்பட்டியல் எல்லாம் வைக்கலாம். எண் மாறினால் பக்கத்தை மாற்றினால் போதும். 2003இன் அவதி மீண்டும் வராது. புத்திசாலித்தனமான வழி. பெரும்பாலான டிஜிட்டல் அட்டைகள் இப்படித்தான் வேலை செய்கின்றன.

அந்தப் பக்கம் யாருடைய வீட்டில் குடியிருக்கிறது என்பதுதான் கேட்க வேண்டியது.

இந்தத் துறையில் ஆள் வந்து ஆள் போன கதைகள் ஏராளம். 1998இல் பாம் கைக்கணினியில் அகச்சிவப்பு ஒளியால் அட்டை அனுப்பினார்கள். இன்று அந்தக் கருவியைக் கண்டவர் குறைவு. 2009இல் பம்ப் என்ற செயலி வந்தது. இரண்டு கைபேசிகளை முட்டினால் விவரம் மாறும். உலகமே முட்டிப் பார்த்தது. 2013 செப்ரெம்பரில் கூகுள் அதை வாங்கியது. 2014 ஜனவரியோடு மூடியது. தாள் அட்டையைப் படமெடுத்தால் ஆட்களை வைத்தே தட்டச்சுச் செய்து தரும் கார்ட்மஞ்ச் என்ற சேவையை லிங்க்ட்இன் 2011இல் வாங்கியது. அதுவும் 2014இல் நின்றது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான மனு குமார் பிறகு 2018இல் ஹைஹலோ என்ற டிஜிட்டல் அட்டைக் கொம்பனியைத் தொடங்கினார் என்பது இந்தத் துறையின் சுபாவத்தைக் காட்டும். கூகுளின் சுருக்க முகவரிச் சேவைகூட நிலைக்கவில்லை. 2019இல் புதியவற்றை நிறுத்தினார்கள். 2025 ஓகஸ்டில், ஆள் நடமாட்டம் இல்லை என்று கணித்த பழைய இணைப்புகளையும் முடக்கினார்கள். கூகுளே இப்படி என்றால், மாதச் சந்தாவில் ஓடும் ஒரு சின்னக் கொம்பனியை நம்பி ஐந்நூறு கைக்கு அட்டை கொடுத்துவிட்டு, அது ஒருநாள் கடையைச் சாத்தினால், ஐந்நூறு பேருக்கும் நீங்கள் இல்லாதவராகிவிடுவீர்கள். தாள் அட்டையாவது கண்ணாடிக்குக் கீழே கிடந்திருக்கும்.

இலவசம் என்று கியூ.ஆர். கட்டம் செய்து தரும் தளங்களிலும் இதே பொறி இருக்கிறது. சிலவற்றில் கட்டம் நேரே உங்கள் பக்கத்துக்குப் போகாது. அவர்கள் பக்கம் வழியாகச் சுற்றிப் போகும். பரீட்சார்த்த காலம் முடிந்ததும் ‘பணம் கட்டுங்கள்’ என்ற பலகை வந்து நிற்கும். அதற்குள் அட்டை, பெயர்ப்பலகை, ஓட்டோவின் பின்பக்கம் எல்லாவற்றிலும் அந்தக் கட்டம் ஏறியிருக்கும்.

மருந்து பக்கத்திலேயே இருக்கிறது. உங்கள் பெயரில் ஒரு டொட் எல்.கே. முகவரியைப் பதிந்துகொள்ளுங்கள். எல்.கே. டொமைன் ரெஜிஸ்ட்ரி 1990 முதல் இதைச் செய்துவருகிறது. இன்னொன்று பலருக்குத் தெரியாது: ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் முகவரிக்கு 2010இல் அங்கீகாரம் கிடைத்துவிட்டது, சிங்களத்தில் ‘.லங்கா’வும் கூடவே. ஆண்டுக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டிருக்கும் வரை அந்த முகவரி உங்கள் கையில். பக்கத்தை எந்தக் கொம்பனி செய்து கொடுத்தாலும், அது மூடினால் இன்னொன்றிடம் கொண்டுபோய் வைக்கலாம். அட்டையிலுள்ள முகவரி மாறாது. தனிக் கடைக்காரருக்கு அது பாரம் என்றால் ஒரு வீதிக் கடைக்காரர்கள், ஓர் ஓட்டோ தரிப்பிடச் சங்கத்தினர் சேர்ந்து ஒரு முகவரி எடுத்து, ஆளுக்கொரு பக்கம் வைத்துக்கொள்ளலாம். சீட்டுப் பிடிக்கத் தெரிந்த ஊருக்கு இது பெரிய காரியமல்ல.

முகவரி என்ற சொல் கண்டிச் சுற்றுப்புறத்தில் எல்லாருக்கும் ஒரே கனத்தில் இருப்பதில்லை. கோப்பித் தோட்டத் துரைமார் கூடித் தோட்டச் சொந்தக்காரர் சங்கத்தை அமைத்தது கண்டியில்தான், 1854 பெப்ரவரியில். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தெல்தோட்டைப் பக்கம் லூல்கந்துரயில் தேயிலை நட்டார். துரைக்குப் பங்களா முகவரி இருந்தது. லயத்தில் இருந்த தொழிலாளிக்கு? தோட்டத்தின் பெயர், டிவிசன், அவ்வளவுதான். வீட்டிலக்கம் இல்லை, வீதிப் பெயர் இல்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வரும்; அங்கிருந்து எப்போது, யார் கையில், எந்த நிலையில் வந்து சேரும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கிடைத்த கதையை மலையகத்தில் எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள். தனி முகவரி வேண்டும் என்பது மலையகத்தின் நெடுநாள் கோரிக்கைகளில் ஒன்று.

அந்த லயங்களின் பிள்ளைகள் இன்று கண்டியில் கணக்காளர்களாக, கணினித் திருத்துநர்களாக, மணப்பெண் அலங்காரம் செய்பவர்களாக, படப்பிடிப்பாளர்களாக இருக்கிறார்கள். கலஹாவிலிருந்தும் புசல்லாவையிலிருந்தும் காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் போகும் அவர்களில் பலருக்குக் கடையுமில்லை, காரியாலயமுமில்லை, கைபேசிதான் தொழிற்கூடம். அவர்களுக்கு, வேறொருவர் வழியாகச் சுற்றி வராமல் நேரே தம்மிடம் வரும் முதல் முகவரி ஒரு டிஜிட்டல் அட்டையாகவே இருக்கலாம். அதையும் இன்னொரு காரியாலயத்தின் பொறுப்பில் விட்டுவைத்தால் பாட்டன் காலத்துத் தபால் கதைதான். முகவரிப் பதிவில் அவர்களுக்கு இரட்டை அக்கறை வேண்டும்.

சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும், முக்கியமாகக் காப்புறுதி முகவர்களும் விற்பனைப் பிரதிநிதிகளும். கொம்பனி கொடுக்கும் டிஜிட்டல் அட்டையைத் தொடும் வாடிக்கையாளர் தன் விவரத்தைப் பதிலுக்குத் தந்தால் அது கொம்பனியின் பட்டியலில் போய் விழும். முகவர் விலகினால் அதே முகவரி அடுத்தவர் படத்தைக் காட்டும். கொம்பனி பக்கத்தில் அதற்கு நியாயம் இருக்கலாம். ஆனால் பத்து வருடம் கல்யாண வீடு, மரண வீடு என்று ஏறி இறங்கிச் சேர்த்த உறவு அது. அட்டையை வாங்கும்போதே அதைப் பேசி எழுதிக்கொள்வது நல்லது.

சுற்றுலாக்காரருக்கு வருவோம். இலங்கைக்கு 2024இல் வந்த வெளிநாட்டவர் 20 இலட்சத்து 53 ஆயிரத்துக்கு மேல். தலதா மாளிகையைப் பார்க்காமல் போகிறவர் அதில் எத்தனை பேர்? வாவிக்கரையில் அவர்கள் கையில் திணிக்கப்படும் தாள் அட்டைகளின் விதி தெரிந்ததுதான். விடுதி அறையின் குப்பைக்கூடை. கைபேசியில் விழுந்த விவரம் ஊர் திரும்பிய பிறகும் இருக்கும். ஆனால் அங்கேயும் ஒரு சின்னத் தவறு பல வழிகாட்டிகளின் பிழைப்பைக் கெடுக்கிறது. எண்ணை 077 என்றோ 081 என்றோ தொடங்கிப் பதிந்தால் ஜெர்மனியில் இருப்பவருக்கு அது செத்த எண். வட்ஸ்அப்பில் உங்களைக் காட்டாது. சுழியத்தை நீக்கி, சக குறி போட்டு, 94 என்று தொடங்க வேண்டும். சுற்றுலாத் தொழிலில் இருப்பவர் இம்மடலில் வேறெதையும் மறந்தாலும் இந்த 94ஐ மறக்கக் கூடாது.

பெயரில் இன்னொரு சங்கடம். வெளிநாட்டு அட்டைச் செயலிகள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி நீட்டும். தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு நிற்கும் தமிழ்ப் பெயரும், மூன்று முதலெழுத்து முன்னே நடக்கும் முஸ்லிம் பெயரும், ‘கே’ என்று முடியும் நீண்ட சிங்களப் பரம்பரைப் பெயரும் அதில் அடங்காது. வீகார்ட்டை வகுத்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்கிறார்கள். பெயரை உடைக்காமல், ஆள் எப்படி எழுதுகிறாரோ அப்படியே போட ஒரு தனி வரியை வைத்தார்கள். அது கட்டாய வரியும்கூட. ‘முழுப்பெயர்’ என்ற அந்த இடத்தில் ஊர் உங்களை எப்படி அழைக்கிறதோ அப்படியே எழுதுங்கள்.

அடுத்தவர் விவரத்தை வாங்குபவருக்கும் கடமை உண்டு. இலங்கையில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரும்படி அமைந்த சட்டம் அது. ஒருவர் எதற்காக விவரம் தந்தாரோ அதற்கே பயன்படுத்து, வேண்டாம் என்றால் நீக்கு என்பதே சாராம்சம். கண்காட்சியில் அட்டையைத் தொட்ட பாவத்துக்காக ஒருவரை அன்று மாலையே நான்கு வட்ஸ்அப் குழுக்களில் இழுத்துப்போடுகிறவர்கள் சட்டத்தைப் படிக்காவிட்டாலும், அவர் ஏன் மறுமுறை தங்களைக் கண்டதும் வீதியைக் கடந்துபோகிறார் என்றாவது யோசிக்கலாம்.

சில்லறைப் புத்திமதி இரண்டு. உலோக அட்டை பகட்டாக இருக்கும். ஆனால் உலோகம் அலையை மறிக்கும், உள்ளே தடுப்புப் படலம் வைத்துச் செய்யாவிட்டால் வேலை செய்யாது. அடுத்தது, சில்லில் எழுதியதைப் பூட்டாமல் விட்டால் கைபேசி வைத்திருக்கும் எவரும் அதன் மேல் வேறு முகவரியை எழுதிவிடலாம். கடை மேசையில் ஒட்டிவைக்கும் வில்லைக்கு இது முக்கியம். பூட்டியபின் உங்களாலும் மாற்ற முடியாது. அதனால்தான் பூட்டும் முன் அந்த முகவரி உங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்று இவ்வளவு வலியுறுத்த வேண்டியிருக்கிறது.

தாள் அட்டையைத் தலைமுழுகச் சொல்லவில்லை. பொத்தான் போன் வைத்திருக்கும் மொத்த வியாபாரியிடம் பிளாஸ்டிக்கை நீட்டி ‘தொடுங்கள்’ என்றால் அவர் விரலால் தொட்டுவிட்டுத் திருப்பித் தருவார். அவருக்கு இரண்டு கையாலும் ஒரு தாளை நீட்டுவதே மரியாதை. அதன் மூலையில் கியூ.ஆர். இருந்தால் அவர் மகள் பார்த்துக்கொள்வாள்.

ஆகவே அட்டை விற்க வருபவரிடம் காசை எண்ணிக் கொடுக்கும் முன் கேட்டுப் பாருங்கள்: முகவரி யார் பெயரில் பதிவாகிறது, சந்தா நின்றால் பக்கம் என்னாகும், என் பெயரைத் தமிழில் போட்டுக் காட்டுவீர்களா. மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் வாங்குங்கள். வராவிட்டால் யட்டிநுவர வீதிப் பக்கம் அச்சகங்கள் இன்னும் திறந்துதான் இருக்கின்றன.